வில்லங்கம்

சில மாதங்களுக்கு முன் நண்பரொருவர் ஒரு ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து, நம் பத்திரிகைக்காக மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டார். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் மணலைத் தோண்டுவது பற்றியது. தோண்டத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் கூடவே கூடாது என்பவர்களுக்கும் ஐம்பது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் வழக்கை, இரண்டு பக்கத்துக்கும் சமமாக இடம் ஒதுக்கிச் சொன்ன கட்டுரை. மூன்றாவது பக்கத்தில் ஒரு வார்த்தையிடம் மாட்டிக்கொண்டேன். 'ஓவர்பர்டன்'. சுரங்கத் தொழிலின் வார்த்தை. தோண்டி எடுக்கவேண்டிய பொருளுக்கு மேலே கிடப்பது எதுவோ அது. 'மேல்மண்' என்று போட்டால் தகவல் சரியாகிவிடும். ஆனால் ஆல்பர்ட்டாவில் அந்த மணலுக்கு மேலே கிடப்பது வெறும் மண் அல்ல. ஸ்ப்ரூஸ் மரக்காடு, ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சேர்ந்த பாசிச் சதுப்பு, அதில் வந்திறங்கும் பறவைகள், அதன் ஓரத்தில் பொறிவைத்துப் பிழைத்த மனிதர்களின் வழித்தடங்கள். இவ்வளவையும் ஒரே வார்த்தைக்குள் போட்டு மூடி, 'மேலே இருக்கும் சுமை' என்று பெயரிட்டாயிற்று. பெயரிட்ட கணமே வழக்கு முடிந்துவிட்டது. அதன்பின் நடக்கும் விவாதமெல்லாம் சுமையை எப்படி இறக்குவது, எங்கே கொட்டுவது, பின்னால் அதன்மேல் எத்தனை மரம் நடுவது என்பது பற்றியதுதான்.

மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரை. அந்த வார்த்தைக்குத் தமிழ் தேடப்போய், தேடுகிற நானே எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்ற கேள்வியில் வந்து நின்றேன். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை தியாகராய நகரில் இருக்கிறது. வீடு மேற்கு மாம்பலத்தில். இரண்டும் சரித்திரத்தில் தண்ணீரைச் சேர்ந்த இடங்கள்.

*

முதலில் ஆல்பர்ட்டாவைச் சொல்லிவிடுகிறேன். தூரத்து உதாரணம் சில சமயம் கிட்டத்து விஷயத்தைத் துலக்கும்.

எண்ணெய் மணல் பரந்திருக்கும் நிலம் சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரியது. இதில் மேலிருந்து திறந்து தோண்டக்கூடியது மூன்று சதவீதத்தைச் சுற்றி. மிச்சத்தை ஆழத்தில் நீராவி செலுத்தி இளக்கித்தான் எடுக்கவேண்டும். திறந்து தோண்டும் இடத்தில், தாரைப்போல் கெட்டியான பிடுமனோடு பிசைந்து கிடக்கும் மணலை அள்ளி, வெந்நீரில் கழுவிப் பிரிக்கிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு டன் மணல். 1967-ல் வியாபார ரீதியாகத் தொடங்கிய வேலை இது. கழுவிய நீர் அழுக்குக் குளங்களாகத் தேங்கி நிற்கிறது. 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குளத்தை ஏரி என்று நம்பி இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்தன. அந்த நிறுவனத்துக்கு, 'சின்க்ரூட்' என்று பெயர், 2010-ல் முப்பது லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே அதபாஸ்கா ஆற்றின் போக்கில் சுரங்கங்களுக்குக் கீழே 'வுட் பஃபலோ' தேசியப் பூங்கா. 1922-ல் காட்டெருமைகளைக் காக்க ஏற்பட்டது. 44,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஸ்விட்ஸர்லாந்து அதற்குள் அடங்கிவிடும். தோண்டக்கூடாது என்பவர்கள் கைநீட்டிக் காட்டுவது இந்தப் பூங்காவைத்தான்: மனிதன் கைபடாத இயற்கை என்று.

ஆனால் இந்தக் 'கைபடாத' என்பதிலும் ஒரு பொய் இருக்கிறது. பூங்கா வந்த பிறகு, தலைமுறைகளாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த தெனே மக்களில் பலர் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போகமுடியாதவர்களானார்கள். அவர்களுடைய கை பட்டுத்தான் அந்த நிலம் அப்படி இருந்தது. சுரங்கக்காரன் அவர்களைச் சுமையோடு சேர்த்து அள்ளினான். வனரட்சகன் அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தினான். 2014-ல் ஆற்றின் கீழ்ப்புறம் வாழும் மிகிஸ்யூ க்ரீ இனத்தார் யுனெஸ்கோவிடம் முறையிட்டபோது அவர்கள் கேட்டது இந்த இரண்டிலும் சேராத ஒன்று. தங்கள் ஆற்றின் கழிமுகத்தில் படகு போகிற அளவுக்குத் தண்ணீர் வரவேண்டும், அந்தத் தண்ணீர் நல்லதாக இருக்கவேண்டும். வளர்ச்சி, வனம் என்ற இரண்டு பெரிய சொற்களில் எதுவும் அந்தப் படகுக்காரனின் சொல் அல்ல.

*

இப்போது மாம்பலம்.

பழைய சென்னை வரைபடங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு, மௌண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு வளைந்து கிடக்கும் ஒரு பெரிய நீலப்பட்டை கண்ணில் படாமல் போகாது. நெடிய ஏரி என்றே வெள்ளைக்காரன் அதற்குப் பெயர் போட்டான். வடபாகம் நுங்கம்பாக்கம் ஏரி. தென்பாகம் மயிலாப்பூர் ஏரி. ஏரி கிடந்தது மாம்பலத்தின் பக்கம், பெயரோ மயிலாப்பூருடையது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்த ஊர் நிலத்தை நனைக்கிறது என்பதை வைத்துப் பெயர் வந்திருக்கவேண்டும் என்று ஊகிக்கிறேன். ஏரி என்பது நமக்கு ஒரு உறவுமுறை. கரை, மதகு, மடை, கலங்கல், ஆயக்கட்டு என்று அதன் உறுப்புகளின் பெயர்களெல்லாம் வேலையின் பெயர்கள். வனத்துக்கு இப்படிப் பெயர்கள் கிடையாது.

இந்த ஏரி மூடப்பட்டது 1923-ல். ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை. பானகல் ராஜா முதல் மந்திரி. முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஜனங்கள் நகரத்துக்கு வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த வயல்களும் தோட்டங்களும் ஏற்கனவே மனைகளாகிக்கொண்டிருந்தன. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு என்ன வேலை? வடித்தார்கள். நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து விரியும் சாலைகள். 1925-ல் காலமான பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கு. பூங்காவுக்கு ராஜாவின் பெயர். சாலைகளுக்கு உஸ்மான், டாக்டர் நாயர், தணிகாசலம். இன்னொரு பூங்காவுக்கு நடேசன். ஒரு கட்சியின் பிரமுகர்கள் பட்டியலே ஒரு ஏரியின்மேல் எழுதப்பட்டது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. காற்றோட்டமான தெரு, சாக்கடை, பூங்கா, திட்டமிட்ட மனை என்பதெல்லாம் அந்தக் காலத்தில் சாதாரண லட்சியங்கள் அல்ல. மயிலாப்பூரின் பழைய தெருக்களில் யார் எங்கே குடியிருக்கலாம் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. புது நகர் பணத்தை மட்டும் கேட்டது. அதுவும் ஒரு தளையறுப்புதான். நடேசன் பூங்காவில் உட்கார்ந்து நவீன கவிதை பற்றிச் சண்டைபோட்ட தலைமுறைகளும் அந்தத் தளையறுப்பின் வாரிசுகள்தாம், நாமும் சேர்த்தி.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. இவ்வளவு பெரிய தண்ணீர் காணாமல் போனதற்கு ஒரு துக்கம்கூட நம் இலக்கியப் பிரக்ஞையில் பதியவில்லை. கிராமத்து ஆற்றுக்காக நாம் அழுத அழுகைக்கு அளவில்லை. தாமிரவருணியும் காவிரியும் எத்தனை கதைகளில் ஓடியிருக்கின்றன! அந்தக் கதைகளில் கணிசமானவை ஏரிக்கு மேல் போட்ட மேஜையில் எழுதப்பட்டவை என்பது எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு பகுதி. 'டேங்க் பண்ட் ரோடு' என்று ஒரு சாலை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு'. எந்த லேக், எங்கே வியூ என்று கேட்காமலே அந்த ரோட்டில் நான் பத்து வருஷம் காய்கறி வாங்கியிருக்கிறேன். ஏரியின் வடகோடியில் வள்ளுவர் கோட்டம் 1976-ல் திறக்கப்பட்டது. கல்லில் தேர் இழுத்தோம். கல்தேருக்குக் கீழே இருந்த சேற்றைப் பற்றி வள்ளுவரை அவ்வளவு மனப்பாடம் செய்த நாம் ஒரு வரி எழுதவில்லை.

ஏன்? அது வனம் அல்ல என்பதனால்தான் என்று எனக்குப் படுகிறது. ஏரி மனிதன் வெட்டியது. அதில் புலி இல்லை. அதன் அழிவு 'இயற்கையின் அழிவு' ஆகாது. அதே சமயம் அது ஒருவருடைய சொத்தும் அல்ல. நஷ்டஈடு கேட்க ஆளில்லை. ரெவின்யூ பாஷையில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: புறம்போக்கு.

*

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனது புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, பாதை எல்லாம் இதில் அடக்கம். ஊருக்குப் பொதுவானது, அதனால் தீர்வை இல்லை. அதாவது மரியாதையான வார்த்தை. மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்வாரி முறையில் தீர்வைக்குரிய நிலமே நிலம் என்றானபோது, தீர்வையில்லாதது பிரயோஜனமில்லாதது என்ற அர்த்தம் மெல்ல ஏறியது. ஏரிகளைப் பராமரிக்க ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்து நலிந்தது. அதை மீட்க 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போடவேண்டி வந்தது. உறவாக இருந்ததைச் சட்டத்தால் மிரட்டிச் செய்யச் சொன்னால் எப்படி நடக்கும்? நடக்கவில்லை. இன்று 'புறம்போக்கு' என்பது ஒருவனை வைய உபயோகமாகும் வார்த்தை. ஒரு ஊரின் பொதுச்சொத்து வசவாக மாறிய சரித்திரத்தை எந்த மொழியியல்காரராவது எழுதவேண்டும்.

ஆல்பர்ட்டாவின் வார்த்தைக்கு நான் தேடிய தமிழ் இதுதான். 'ஓவர்பர்டன்' என்பதற்குப் புறம்போக்கு அகராதிப்படி சரியல்ல; சரித்திரப்படி சரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. இருப்பதை இல்லாததாக்கிக் காகிதத்தில் ஏற்றுகின்றன.

*

ஏரி போயிற்று. ஆனால் அதற்குத் தெற்கே, அடையாற்றுக்கு அந்தப் புறம், கிண்டியில் ஒரு காடு மிஞ்சியது. ஏன் மிஞ்சியது என்பதுதான் இந்த வழக்கின் இன்னொரு பாதி.

கிண்டிக் காடு கவர்னருடைய காடு. கிண்டி மாளிகையையும் தோட்டத்தையும் 1821-ல் சர்க்கார் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. துரைமார்களின் வேட்டைக்கும் ஓய்வுக்கும் ஆனது. 1910-ல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விறகு பொறுக்குகிறவனும் ஆடு மேய்க்கிறவனும் உள்ளே வராததால் மான் பிழைத்தது. எஜமானனின் பொழுதுபோக்கு ஒரு காட்டைக் காப்பாற்றியது என்பது நம் ஜனநாயக மனசுக்கு ருசிக்காத உண்மை, ஆனால் உண்மை.

சுதந்திரத்துக்குப் பின் எஜமானர்கள் மாறினார்கள். காந்தி மண்டபம் 1956-ல். ஐம்பதுகளின் இறுதியில் ஐ.ஐ.டி.க்கு சுமார் 172 ஹெக்டேர் போயிற்று. பிறகு ராஜாஜிக்கு, காமராஜருக்கு நினைவிடங்கள். ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு. இவற்றில் எதை வேண்டாமென்று சொல்வது? விஞ்ஞானமா, நோயாளியா, தேசபக்தியா? ஒவ்வொரு தடவையும் கேட்டது நியாயமான காரியத்துக்கு. ஒவ்வொரு தடவையும் கொடுத்தது காட்டை. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது கையில் இருந்தது 270 ஹெக்டேர். வுட் பஃபலோவுக்குள் கிண்டி பதினாறாயிரம் தடவை அடங்கும்.

இருந்தாலும் அந்த 270 ஹெக்டேர் இருக்கிறது. புதர்க்காடு, சின்னக் குளங்கள், வெட்டவெளிப் புல்லை நாடும் வெளிமான், எங்கும் பிழைத்துக்கொள்ளும் புள்ளிமான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் பூங்காவின் கூட்டத்தைத் தாண்டிச் சுவரோரம் நடந்தால், உள்ளே ஒரு நிசப்தம் இருப்பது தெரியும். சுவருக்கு உள்ளே. அதைத்தான் சொல்லவருகிறேன். காடு சுவருக்குள்ளே இருக்கிற பொருள். 'வனம்' என்று பெயர் வாங்கியதால் அதற்குச் சுவர் கிடைத்தது. ஏரிக்குச் சுவர் கட்டமுடியாது. வரத்தும் போக்கும் இல்லாமல் அது ஏரி அல்ல. எனவே காக்கும் சட்டத்திலும் அதற்கு இடமில்லை, ஆக்கும் திட்டத்திலும் இடமில்லை.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சதுப்பு. அதில் நகரத்தின் குப்பையைக் கொட்டினோம், கட்டடம் கட்டினோம், பெரிய ரோடு போட்டோம். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்துத்தான் மிச்சத்தை நிறுத்திவைக்க முடிந்தது. தண்ணீருக்குக் 'காடு' என்று பெயர் சூட்டினால்தான் அது பிழைக்கும்! 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் பெயர் மாற்றித்தான் உயிர் பிழைக்கவேண்டியிருக்கிறது என்பதில் நம் சிந்தனையின் வறுமை தெரிகிறது.

*

இதையெல்லாம் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் சொன்னபோது, என்னைவிட மூத்தவரான ஒரு தோழர், தொழிற்சங்கத்தில் நாள்பட உழைத்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏரியை அப்படியே வெச்சிருந்தா ஜனங்க எங்க இருப்பாங்க? நீ எங்க இருப்பே? வீடு கட்டிக் குடியேறினவன் பேரன் வந்து ஏரி போச்சேன்னு அழறது சுலபம்."

இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. சுற்றுச்சூழல் பற்றிய கவலை பல சமயம் முதலில் வந்து இடம் பிடித்தவனின் கவலை. 2015-க்குப் பின் அடையாற்றைச் சீர்படுத்துகிறோம் என்று கரையோரக் குடிசைகளைத்தான் முதலில் அப்புறப்படுத்தினார்கள். கரையோர மாடிகளை அல்ல. அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் பெரும்பாக்கம் முக்கியமானது. அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்றைக் காப்பாற்ற ஏழையை எடுத்துச் சதுப்பில் நட்டோம். மழை வந்தால் இங்கே முழங்கால், அங்கேயும் முழங்கால். தெனே மக்களை வேலிக்கு வெளியே நிறுத்திய அதே புத்தி.

ஆனால் தோழரின் கேள்வியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒன்று ஏரி, அல்லது ஜனங்கள். இந்த இரண்டில் ஒன்று என்கிற சூத்திரம் எங்கிருந்து வந்தது? ஜனங்கள் இல்லாமல் ஏரி ஒரு நாளும் இருந்ததில்லை. கரை உடைந்தால் அடைக்க ஆள் வேண்டும், மடை திறக்க ஆள் வேண்டும். நம் நிலத்தின் சரித்திரம் மனிதன் கைபடாத நிலத்தின் சரித்திரம் அல்ல. கைவிடாத நிலத்தின் சரித்திரம். வளர்ச்சியா வனமா என்பது ஆல்பர்ட்டாவுக்கே முழுக்கப் பொருந்தாத சண்டை. இங்கே அதை அப்படியே இறக்குமதி செய்தால், மரபா நவீனமா என்று இலக்கியத்தில் முப்பது வருஷம் வீணடித்த மாதிரி இதிலும் வீணடிப்போம்.

தஞ்சைப் பக்கம் இதைப் புரிந்துகொண்டார்கள். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படிவத்திலிருந்து மீத்தேன் எடுக்க 2010-ல் ஏற்பாடானது. கண்டித்து ஊர் ஊராகப் போன நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகில் அத்திவெட்டியில், அந்த அலைச்சலின் நடுவிலேயே காலமானார். 2015-ல் மாநில அரசு அத்திட்டத்துக்குத் தடை போட்டது. 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஜனங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் கவனியுங்கள்: அங்கே யாரும் வனத்தைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. டெல்டாவில் வனம் ஏது? ஒவ்வொரு அங்குலமும் மனிதன் வாய்க்கால் வெட்டி வரப்பு போட்டது. என் வயல், என் வாய்க்கால், என் கிணற்றுத் தண்ணீர் என்றுதான் கேட்டார்கள். மிகிஸ்யூ படகுக்காரனின் பாஷை. அடியில் எண்ணெய், மேலே சுமை என்ற சூத்திரத்தை அவர்கள் தலைகீழாக்கினார்கள். மேலே இருப்பதுதான் எங்கள் சரக்கு என்றார்கள்.

சென்னையில் அப்படிச் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. ஏரியைப் பற்றிய வார்த்தைகளெல்லாம் நமக்கு ரோட்டின் பெயர்களாகிவிட்டன.

*

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் முங்கின. எங்கள் தெருவில் விடிவதற்குள் இடுப்பளவு. அம்மாவை மாடி வீட்டுக்காரர்களிடம் ஏற்றிவிட்டு, புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்வதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. பழைய சிற்றிதழ்களின் தொகுப்பு, நாலைந்து நண்பர்களிடம் இரவல் வாங்கித் திருப்பாதவை உட்பட, கூழாகியது. இரவல் கொடுத்தவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும், மன்னிக்கவேண்டும்.

அந்த வெள்ளத்துக்குப் பின் வந்த கவிதைகள் எனக்கு எரிச்சலூட்டின. ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்தது, ஆறு தன் வீட்டைத் தேடி வந்தது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் கோளாறு. தண்ணீருக்கு ஞாபகம் கிடையாது. சரிவுதான் உண்டு. ஞாபகம் இருக்கவேண்டியது நமக்கு. நம்முடைய மறதியைத் தண்ணீரின் ஞாபகமாக மாற்றிக் கவிதை செய்துகொள்வது சுலபமான தப்பித்தல். 2021 நவம்பரில், கோடிகள் செலவழித்து நடைபாதை அலங்கரித்த தியாகராய நகரில் திரும்பவும் தண்ணீர் நின்றபோது அதே கவிதைகள் திரும்ப வந்தன. தண்ணீராவது வடிந்தது.

*

கடைசியாக என் மேஜைக்கு வருகிறேன்.

வீட்டுக் கடன் மனுக்களின் பத்திரங்களைச் சரிபார்த்து வக்கீலுக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. சொத்து வாங்கிய எல்லோருக்கும் வில்லங்கச் சான்று தெரிந்திருக்கும். இந்த நிலத்தின்மேல் யாருக்காவது பாத்தியதை உண்டா, அடமானம் உண்டா என்று பதிவு இலாகா தேடிச் சொல்வது. ஒன்றுமில்லை என்றால் இல்லை என்று சான்று. வங்கி கேட்பது முப்பது வருஷக் கணக்கு. மனிதன் மனிதனுக்குப் பட்ட கடன் மட்டுமே வில்லங்கம். 1923 அந்தக் கணக்குக்குள் வராது. தண்ணீரின் பாத்தியதை எந்த வருஷத்திலும் வராது.

சென்ற வாரம் ஒரு மனு. கணவன் மனைவி இருவரும் வேலையில் இருப்பவர்கள். என் வயதுதான். தெற்குப் புறநகரில், சதுப்புக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. நாலு பத்திரங்கள் கோர்வையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு எல்லை எழுதியிருக்கும். மூலப்பத்திரத்தில் வடக்கெல்லை 'ஏரி வாய்க்கால்'. அடுத்ததில் 'வாய்க்கால் புறம்போக்கு'. மூன்றாவதில் 'காலி இடம்'. கடைசிப் பத்திரத்தில் 'முப்பது அடி ரோடு'. வேறு வேறு எழுத்தர்கள், வேறு வேறு வருஷங்கள். யாரும் பொய் எழுதவில்லை. அந்தந்த நாளில் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார்கள். ஒரு தண்ணீரின் சரித்திரம் இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஸார், வடக்கெல்லையைப் பாருங்க."

பார்த்தார். "அப்ரூவல் இருக்கா?"

"இருக்கு ஸார்."

"ஈ.ஸி. க்ளியரா?"

"க்ளியர்."

"அப்புறமென்ன? அவங்க ரெண்டு பேரும் வெளில உக்காந்திருக்காங்க. வாடகை வீடு, கைக்குழந்தை. அனுப்புங்க."

அவர் கெட்டவர் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஏதாவது ப்ராப்ளமா ஸார்?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் அந்தத் தெருவை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். பார்த்தாகிவிட்டது, அந்த விலைக்கு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை என்றாள். அதற்குமேல் சொல்ல என்னிடமும் வீடு இல்லை.

ஃபைலைத் திறந்து, உரிய கட்டத்தில், 'வில்லங்கம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.